பிக்கப் வாங்கும்போது எந்த ரகம்?

அத்திபெலேயிலிருந்து ஜிகனி வரை, ஆனேக்கல் தாலுகா முழுவதும் நம்மவர்கள் பலர் பிக்கப் வண்டியை நம்பிப் பிழைக்கிறார்கள். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு உதிரிபாகம் ஏற்றுபவர், தண்ணீர் கேன் போடுபவர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூவும் தக்காளியும் பயிரிட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறவர் என்று பல தரத்தினர். வண்டி வாங்கப் போகும்போது எஞ்சினையும் மைலேஜையும் நன்றாகவே விசாரித்து விடுகிறார்கள். "இதிலே மூணு வேரியன்ட் இருக்கு சார்" என்று விற்பனையாளர் சொன்னவுடன்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

என் தங்கை மகனுக்கும் அதே தடுமாற்றம் வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஆனேக்கல் அருகே இரண்டு ஏக்கர் குத்தகையில் செவ்வந்தியும் ரோஜாவும் போடுகிறான். பருவத்தில் தக்காளியும் உண்டு. வாடகை வண்டிக்குக் கொடுத்தே லாபம் கரைகிறது என்று சொந்த வண்டி வாங்கத் தீர்மானித்தான். முன்பணத்துக்கு மருமகளின் நகை அடகு, மீதிக்குக் கடன். கடையில் கொடுத்த மூன்று விலைப் பட்டியலையும் கொண்டு வந்து, "மாமா, மேல் ரகத்தையே எடுத்துடலாமா? வித்தியாசம் எழுபதாயிரம்தான்" என்றான்.

எழுபதாயிரத்தைப் பதினொரு சதவீத வட்டியில் நான்கு வருடத் தவணையாகப் போட்டால் மாதம் 1,800 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. முடிக்கும்போது கட்டியிருப்பது ஏறக்குறைய 87,000. "எழுபதாயிரம்தான்" என்பதில் உள்ள "தான்" இப்படித்தான் வளரும்.

வாசக அன்பர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிக்கப் வண்டியில் இரண்டு விதமான ரகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று வசதி ரகம்: இருக்கைத் துணி, ஏ.சி., பவர் ஸ்டீயரிங், பாட்டுப் பெட்டி, பெயின்ட், பம்பர். மற்றது பார ரகம்: ஸ்பிரிங், டயர், தொட்டி நீளம், சட்டப்படி ஏற்றக்கூடிய எடை. அசோக் லேலண்ட் 2011-இல் தோஸ்த் வண்டியைக் கொண்டு வந்தபோது எல்.இ., எல்.எஸ்., எல்.எக்ஸ். என்று மூன்று வகை வைத்தார்கள். அது வசதிப் பிரிவு. மேல் வகையில் ஏ.சி., பவர் ஸ்டீயரிங், துணி இருக்கை எல்லாம் இருந்தன. ஆனால் 1.25 டன் பார வண்டி என்பதே அதன் அடையாளம். மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பில் 1.3, 1.7 என்று எண் போட்டு வருவது பாரப் பிரிவு. டாடா 2022-இல் யோதா 2.0 என்று பெயர் வைத்ததும் இரண்டு டன் பாரத்தைச் சொல்லத்தான். வசதிப் பிரிவில் மேலே போகப் போகப் பாரமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சில சமயம் நேர்மாறாகவே நடக்கும்.

இது எனக்கு ரயில்வேயில் அன்றாடம் பார்த்த சங்கதி. டிப்ளமோ முடித்து வேகன் பிரிவில் சேர்ந்த எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எடையைப் படிப்பதுதான். பாக்ஸ்-என் என்னும் திறந்த வேகனையும், பி.சி.என். என்னும் மூடிய வேகனையும் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் நான்கு அச்சு, அச்சுக்கு 20.32 டன், மொத்தம் 81.28 டன். அந்த வடிவமைப்புக்கு அதுவே வரம்பு. பாக்ஸ்-என் காலியாக 22.47 டன், ஆகவே 58.81 டன் ஏற்றலாம். பி.சி.என். வேகனுக்குக் கூரையும் கதவும் இருப்பதால் காலி எடையே 27.20 டன். ஏற்றக்கூடியது 54.08 டன்தான். கூரை வேண்டிய சரக்குக்குக் கூரை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைப் பாரத்தில் கொடுக்கிறோம்.

பிக்கப்புக்கும் இதே கணக்குதான். ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும்: காலி எடை, மொத்த எடை. கழித்தால் வருவதுதான் உங்கள் பாரம். மோட்டார் வாகனச் சட்டத்தில் காலி எடை என்பது ஓட்டுநரையும் உடன் செல்பவரையும் சேர்க்காத எடை. அப்படியானால் கேபினில் உட்காரும் இருவரும் பாரக் கணக்கில்தான் வருகிறார்கள். பின்னால் கட்டும் இரும்புக் கம்பிக் கூண்டும் தார்பாயும் அப்படியே.

தங்கை மகனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பாரம் 1,250 கிலோ. கேபினில் இருவர், 130 கிலோ. மீதி 1,120. தக்காளி கிரேட் ஒன்றில் 25 கிலோ, காலி கிரேட்டின் எடை ஒன்றரைக் கிலோ, ஆக 26.5. அப்படியானால் 42 கிரேட். அவன் மனத்தில் வைத்திருந்தது 50. "எல்லாரும் அறுபதே ஏத்தறாங்க மாமா" என்றான். ஏற்றுகிறார்கள். 2019-இல் திருத்திய சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000, இறக்கும் செலவு தனி. ஒரு தடவை பிடிபட்டால் பத்து மாதத்துக்கு மேலான 1,800 போயிற்று.

அப்படியானால் பெரிய பார ரகத்தையே எடுத்துவிடலாமே என்று என் தங்கை கேட்டாள். கேள்வி நியாயமானது. ஆனால் பூ எடை போடாது, இடத்தைத்தான் அடைக்கும். இரண்டு டன்னுக்குச் செய்த பின்பக்கப் பட்டைகள் முந்நூறு கிலோ பூவுக்கு அசையவே அசையாது. வண்டி குதிக்கும், ரோஜா நசுங்கும். காலி வேகன் ஓடும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வாரத்தில் ஐந்து நாள் பூ ஏற்றுபவருக்குச் சிறிய பார ரகம்தான் சரி. கிரானைட், இரும்பு, சிமென்ட் ஏற்றுபவருக்கு என் பதில் வேறு. அவர் பெரிய பாரத்தின் அடி ரகத்தை எடுக்கட்டும்.

நடுவில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிறிய ரகத்தை வாங்கி, பட்டறையில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்துப் பெரிய ரகமாக்கி விட்டதாக நினைப்பது. பட்டை சேர்ப்பதால் ஆர்.சி. மாறாது, அச்சும் பிரேக்கும் மாறாது. அதைவிட ஆபத்தானது வேறு. பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். பாரத்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்துப் பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். வேகனில் காலி, பாரம் என்று மாற்றும் கைப்பிடி செய்யும் வேலையை இது தானாகச் செய்கிறது. பட்டையைக் கூட்டினால் வண்டி தாழாது. வால்வும் பாரம் இல்லை என்றே எண்ணிக் கொள்ளும். முழுப் பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும்.

இனி வசதி ரகம். பவர் ஸ்டீயரிங்கை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு கே.ஆர். மார்க்கெட் சந்துகளில் பாரத்தோடு திருப்புகிறவனுடைய தோளுக்கு அது வேண்டும். உயரம் மாற்றக்கூடிய இருக்கை, தலைசாய்ப்பு, நல்ல முகவிளக்கு இவற்றுக்கும் பணம் கொடுக்கலாம். தொடுதிரை, குரோமியப் பட்டை, பக்கவாட்டு ஸ்டிக்கர் இவற்றுக்கு என் கையிலிருந்து ஒரு ரூபாய் வராது.

ஏ.சி. விஷயத்தில்தான் வீட்டில் வாக்குவாதம். பூக்காரனுக்கு எதற்கு ஏ.சி. என்றான் பையன். மருமகள் மட்டும், "மார்கழியில கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்குது மாமா, துணியால துடைச்சிக்கிட்டே வர்றாரு" என்றாள். அவளும் பல நாள் கூடப் போகிறவள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். கண்ணாடியின் உட்புறம் படியும் மூடுபனி ஒரு நிமிடத்தில் விலகும். குளிர்ச்சிக்காக வேண்டாம், பார்வைக்காக வேண்டும் என்றேன். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபரிலிருந்து வந்துவிட்டது. சிறிய பிக்கப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நாமே பார்த்து எடுக்க வேண்டியதுதான். கடைசியில் அவர்கள் எடுத்தது நடு ரகம்: பவர் ஸ்டீயரிங், ஏ.சி. உண்டு, தொடுதிரை இல்லை. மருமகளின் வளையல் இரண்டு அடகுக்குப் போகாமல் தப்பின.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர், நம் பிடதி ஆலையிலிருந்து வரும் ஹைலக்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். 2022-இல் அது வந்தபோது தொடக்க ரகம் 33.99 லட்சம். அதிலும் ஒரு வேடிக்கை: அடி ரகத்துக்கு 17 அங்குலச் சக்கரம், மேல் ரகத்துக்கு 18. சக்கரம் பெரிதானால் டயரின் ரப்பர்ச் சுவர் குட்டையாகும். தோட்டத்து மண் பாதைக்கு அடி ரகத்து டயரே மேல். இவ்வகை வண்டி சொந்த உபயோகத்துக்கு வெள்ளை எண் பலகையோடு பதிவானால் வாடகைச் சரக்கு ஏற்றக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ரகத்தோடு சேர்ந்த சட்ட விஷயங்கள் இரண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. பெரிய பார ரகம் அந்தக் கோட்டைத் தாண்டும், ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் தினமும் போய் வருபவர்கள் கவனிக்க வேண்டும். ஓசூரில் வாங்கித் தமிழ்நாட்டு எண்ணோடு இங்கே வைத்திருப்பவர்கள் 12 மாதத்துக்கு மேல் போனால் கர்நாடக எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். இலகு வாகன லைசென்ஸ் போதுமா என்ற பழைய சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்த்துவிட்டது. 7,500 கிலோ வரை அது போதும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் முந்தைய உரிமையாளர் என்னென்ன சேர்த்தார் என்று கேட்டுக் கொண்டிருக்க வேண்டாம். பணம் கொடுக்குமுன் காலி வண்டியை எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள காலி எடையை விடச் சீட்டில் நூறு கிலோ கூடுதலாக இருந்தால், அந்த நூறு கிலோவும் உங்கள் பாரத்திலிருந்துதான் போகிறது. பின் அச்சுக்குக் கீழே குனிந்து பட்டைகளையும் எண்ணிப் பாருங்கள்.