லாரி ஓட்டுவது மறக்காது... ஆனால் நீங்கள் ஓட்டிய ரோடு இப்போது இல்லை!

சைக்கிளும் நீச்சலும் ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது என்பார்கள். லாரியும் அப்படித்தான். எட்டு வருடம் கழித்து ஏறி உட்கார்ந்தாலும் கால் தானாக கிளட்சைத் தேடும், கை தானாக கியருக்குப் போகும். கை சட்டென்று பழகிவிடுவதாலேயே, மற்ற எல்லாமும் பழையபடிதான் இருக்கிறது என்று மனசு நம்பிவிடுகிறது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருமுல்லைவாயில் மாதிரி ஊர்களில் இந்தப் பேச்சு வீட்டுத் திண்ணை வரைக்கும் வரும். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் ஆவடி. நடுவே ஓடும் சி.டி.எச். ரோட்டில் கிழக்கே போனால் சென்னை பைபாஸ். மேற்கே போனால் பட்டாபிராம் பக்கம் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அங்கிருந்து பூந்தமல்லி பக்கம் திரும்பினால் பெங்களூரு, செங்குன்றம் பக்கம் திரும்பினால் கொல்கத்தா. ஒரு காலத்தில் லைன் லாரி ஓட்டிவிட்டு, கல்யாணம், குழந்தை என்றதும் ஆட்டோவுக்கோ, கம்பெனி வேனுக்கோ, செக்யூரிட்டி வேலைக்கோ மாறியவர்களுக்கு அந்த ஹாரன் சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், ‘பேசாமல் லைனுக்கே போயிடலாமா?’ என்ற எண்ணம் வருவது இயல்பு.

போகலாம். ஆனால், போவதற்கு முன் சில விஷயங்களை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

லண்டனே கடிதம் போட்டுக் கூப்பிட்டது!

ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவர்களைத் திரும்பக் கூப்பிடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் லாரி டிரைவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. பெட்ரோல் பங்க்குகளுக்கு எரிபொருள் கொண்டுபோகக்கூட ஆள் இல்லாமல், பங்க் வாசல்களில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அந்த நாட்டு அரசு, கனரக லாரி லைசென்ஸ் வைத்திருந்த ஏறக்குறைய 10 லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்பியது. ‘வேலையை விட்டவர்கள் தயவுசெய்து திரும்பி வாருங்கள்’ என்பதுதான் அதன் சாரம்.

கடிதம் வந்ததும் எல்லோராலும் மறுநாளே ஓட்டிவிட முடியவில்லை. அங்கே தொழில்முறை லாரி டிரைவர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது விதி. அது காலாவதியாகியிருந்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முதலில் வகுப்பில் உட்கார வேண்டும். நம் ஊரிலும் அதே மாதிரி கதவுகள் உண்டு. அவை மூடியிருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

2016-ல் இறங்கியவர் இன்று ஏறினால்...

2016-ல் லாரியை விட்டு இறங்கிய ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் இறங்கிய பிறகு என்னவெல்லாம் மாறியது என்று பாருங்கள்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. மாநில எல்லைகளில் மணிக்கணக்கில் நிற்க வைத்த வணிகவரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள லோடு என்றால் பொதுவாக இது இல்லாமல் நகர முடியாது. இதற்கு நேரக் கணக்கும் உண்டு. சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நடுவழியில் வண்டி படுத்து, லோடை வேறு லாரிக்கு மாற்றினால் பில்லில் வண்டி நம்பரையும் மாற்ற வேண்டும். ஆபீஸில் இருப்பவர் மறந்துவிட்டால், ரோட்டில் மாட்டுவது டிரைவர்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 வண்டிகள். டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டேங்க் இருக்கும். டிரைவர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவம் அதில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்து, எச்சரிக்கை விளக்கையும் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் இழுவை குறையும். அவசரத்தில் அதை டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் செலவு பெரிதாகப் போய்விடும். பழைய வண்டியில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்னவர், இப்போது டேஷ்போர்டில் எரியும் விளக்குகளின் அர்த்தத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

2021 பிப்ரவரியில் டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஓவர்லோடு அபராதம் 2019-ன் சட்டத் திருத்தத்தில் 20,000 ரூபாயாகவும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ‘கொஞ்சம்தானே கூட இருக்கு’ என்ற பழைய கணக்கு இனி ஓடாது.

நல்லதும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு வெந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்

பீரோவில் இருக்கும் லைசென்ஸை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கார், பைக்குக்கு ஒரு தேதியும், டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு வேறொரு தேதியும் இருக்கும். முன்பு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 3 ஆண்டு செல்லும். இப்போது 5 ஆண்டு. அப்படியானால், 2016-ல் இறங்கிய நம் நண்பரின் லைசென்ஸ் எப்போதோ காலாவதி ஆகியிருக்கும்.

காலாவதியாகி ஓராண்டுக்குள் போனால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டு தாண்டிவிட்டால், மறுபடியும் ஓட்டிக்காட்டி தேர்ச்சி பெற்றால்தான் உண்டு. முன்பு இந்த அவகாசம் 5 ஆண்டாக இருந்தது. 2019-ல் ஓராண்டாகக் குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கையே மனதில் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்றும் தேவை. கேஸ் டேங்கர், ரசாயன லோடு ஓட்டுவதாக இருந்தால் அதற்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும். அந்த அனுமதி 3 ஆண்டுதான். எட்டாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காக யாரும் தயங்க வேண்டாம்.

உடனே பெரிய வண்டி வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை, சாதாரண இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சில மாதம் சின்ன வண்டியில் ஓட்டி ரோடு பழகிக்கொண்டு, பிறகு பெரிய வண்டிக்குப் போகலாம்.

லைசென்ஸ் இல்லாமல் ‘ஒரே ஒரு டிரிப்தானே’ என்று ஏறுவது வேண்டவே வேண்டாம். செல்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டுத் தொகையை வண்டி உரிமையாளரிடமே திருப்பிக் கேட்க முடியும். சொந்த வண்டி என்றால் அது உங்கள் வீட்டின் மேல்தான் விழும். உயிர்ச்சேதம் என்றால் வழக்கும் முன்பைவிடக் கடுமை. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால், பழைய சட்டத்தில் 2 ஆண்டு வரை இருந்த சிறைத்தண்டனை, 2024 ஜூலை 1-ல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு வரை ஆகியிருக்கிறது. விபத்தைச் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை என்ற பிரிவை எதிர்த்து அந்த ஆண்டு ஜனவரியில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் போராடினார்கள். சட்டம் அமலானபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால், அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், போலீஸுக்குத் தகவல் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தில் எப்போதுமே டிரைவரின் கடமை.

குறட்டை ரகசியம் மனைவிக்குத்தான் தெரியும்

முப்பது வயதில் இறங்கியவர் நாற்பதில் ஏறுகிறார். வண்டி புதுசு, உடம்பு பழசு. நாற்பதுக்கு மேல் கிட்டப்பார்வை மங்கத் தொடங்கும். டேஷ்போர்டு எழுத்தும் செல்போன் மேப்பும் இருட்டில் சரியாகத் தெரிகிறதா? எதிர் வண்டியின் ஹெட்லைட் அடித்தால் கண் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது? சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆச்சு? சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், நேரத்துக்குச் சாப்பிடாமல் ஓட்டும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். இதையெல்லாம் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க மனைவிதான் சரியான ஆள். ராத்திரி பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குவது... இவை மூன்றும் இருந்தால் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. சிகிச்சை எடுக்காமல் ராத்திரி வண்டி ஓட்டுவது ஆபத்து.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டும். நாலு விநாடி கண் அயர்ந்தால், ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஸ்டியரிங்கில் ஆள் இல்லை என்று அர்த்தம். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். டீயும் பாட்டும் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி 20 நிமிடம் கண்ணயர்வது அதைவிட நல்லது. முன்பு பக்கத்தில் கிளீனர் பையன் இருந்து பேச்சுக் கொடுப்பான். இப்போது பல வண்டிகளில் டிரைவர் மட்டும்தான்.

5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் ரோட்டில் அது பெரும்பாலும் டிரைவரின் கையில்தான் இருக்கிறது.

வீட்டில் பேச வேண்டியது

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். அங்கே நந்தி ஈசனைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி இருக்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகக் கிளம்பிய கோலம் என்கிறது தலபுராணம். அதே கதையில், மன்னனின் யானையை மேலே போக விடாமல் காலைச் சுற்றி நிறுத்துகிறது முல்லைக்கொடி. டிரைவர் வீடும் அப்படித்தான். கிளம்புகிற மனசும் இருக்கும், காலைச் சுற்றும் பாசமும் இருக்கும். இரண்டையும் உட்கார வைத்துப் பேசுவதுதான் குடும்பம்.

சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, டிரிப்புக்கா மாதத்துக்கா? ஓவர்லோடு ஏற்றச் சொன்னால் அபராதம் யார் தலையில்? லோடு தாமதமானால் காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா? வண்டிக்கு எஃப்.சி., இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா? அந்த இன்ஷூரன்ஸில் சம்பள டிரைவருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறார்களா? வேலையில் இருக்கும்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு தர வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சொந்த வண்டி என்றால் உரிமையாளர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் செய்யாமல், அவர் நிறுத்தும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அப்போது பேசலாம். ஸ்கூல் ஃபீஸ், கரன்ட் பில், மாமியார் வைத்தியம் எல்லாம் அந்த நேரத்துக்குக் காத்திருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டதா? முதல் டிரிப்பே கொல்கத்தா வேண்டாம். பெங்களூரு போதும். முடிந்தால் இந்த வண்டியில் பழக்கப்பட்ட இன்னொரு டிரைவரோடு, பகலில் கிளம்புங்கள். காலி இடத்தில் இரண்டு முறை ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், ஏர் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள், விளக்குகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களைவிடப் பத்து வயது சின்னவரிடம் கேட்க வேண்டியிருக்கும். தயங்காமல் கேளுங்கள். ‘அண்ணே, நீங்க பழைய ஆளு, உங்களுக்குத் தெரியாததா’ என்று அவர் சிரித்தாலும், ‘தெரியாது தம்பி, சொல்லு’ என்று சொல்லிவிடுங்கள்.