பிட்காயின் பேரேட்டில் படத்துக்கும் டோக்கனுக்கும் இடமுண்டா?

2023 பிப்ரவரி 1ஆம் தேதி பிட்காயின் பிளாக்செயினில் ஏறக்குறைய 4 மெகாபைட் அளவில் ஒரு பிளாக் சேர்ந்தது. அதை அடைத்துக்கொண்டிருந்தது பணப் பரிமாற்றம் அல்ல, ஒரு மந்திரவாதியின் கேலிச்சித்திரம்!

கேசி ரோடர்மோர் எனும் நிரலாளர் அதற்கு முந்தைய மாதம் வெளியிட்ட ‘ஆர்டினல்ஸ்’ முறைதான் இதற்கு வழிவிட்டது. ஒரு பிட்காயினின் 10 கோடியில் ஒரு பங்கு ‘சட்டோஷி’. அதனுடன் படத்தையோ எழுத்தையோ இணைக்கலாம். மார்ச் மாதம் இதே வழியில் ‘பிஆர்சி-20’ டோக்கன்கள் வந்தன. பல டோக்கன்கள் விளையாட்டாக உருவானவை. விளைவு விளையாட்டாக இல்லை.

சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து, இருக்கைகள் குறைவு, அதிகக் கட்டணம் தருபவர் முதலில் ஏறுவார். பிட்காயின் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது. மே மாதம் டோக்கன்காரர்கள் கூட்டமாக ஏற, ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் சுமார் 30 அமெரிக்க டாலரானது. பைனான்ஸ் நிறுவனம் பிட்காயின் மீட்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஐந்து டாலர் அனுப்ப நினைத்தவர் என்ன செய்வார்?

“இது குப்பை, வடிகட்டுங்கள்” என்பது லூக் டேஷ்ஜூனியர் போன்ற நிரலாளர்களின் வாதம். சேரும் தரவைத் தன்னார்வலர்களின் கணினிகள் சுமக்க வேண்டியிருப்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். நியாயமான கவலைதான். “கட்டணம் கட்டித்தானே ஏறுகிறோம்” என்ற பதிலும் முழு உண்மையல்ல. 2017இல் வந்த செக்விட் மாற்றத்தால் இவ்வகைத் தரவுக்குக் கால் பங்கு எடைதான் கணக்கிடப்படுகிறது.

ஆனாலும் தடை பலன் தருமா என்பது எனக்குச் சந்தேகமே. வடிகட்டும் கணினி அந்தப் பரிமாற்றத்தைப் பிறருக்கு அனுப்ப மறுக்கலாம், அவ்வளவுதான். அந்த மந்திரவாதி படமே வழக்கமான வரம்பை மீறியது. பிளாக்கை உருவாக்கும் மைனரிடம் நேரடியாகக் கொடுக்கப்பட்டு உள்ளே நுழைந்தது. ‘ஸ்டாம்ப்ஸ்’ முறையினரோ தரவைப் போலி முகவரிகளாக மாற்றி ஒளித்தனர். இது கணினிகளுக்கு இன்னும் பெரிய சுமை.

எது நல்ல பரிமாற்றம் என்று யார் முடிவு செய்வது? 2010இல் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் விக்கிலீக்ஸுக்கான நன்கொடைகளை முடக்கின. மறு ஆண்டு அது பிட்காயினை ஏற்றது. யாரும் தடுக்க முடியாது என்பதே அதன் ஈர்ப்பாக இருந்தது. (2009இல் உருவான முதல் பிளாக்கிலேயே ஒரு லண்டன் நாளிதழின் தலைப்புச் செய்தி பொதிந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.)

மைனர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் புதிய நாணயம் சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கு 3.125 ஆனது. வருங்காலத்தில் கட்டணமே அவர்களின் வருமானம். நிரம்பி வழியும் பேருந்தை அவர்கள் ஏன் வெறுக்கப் போகிறார்கள்?

2025 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் மென்பொருளின் 30ஆம் பதிப்பு, பரிமாற்றத்தில் தரவு சேர்ப்பதற்கென்றே உள்ள பகுதியின் வரம்பைச் சுமார் 80 பைட்டிலிருந்து 1,00,000 பைட்டாக உயர்த்தியது. அதை ஏற்காத பலர் டேஷ்ஜூனியர் பராமரிக்கும் ‘நாட்ஸ்’ மென்பொருளுக்கு மாறினர். இரண்டும் இப்போது ஒரே வலையமைப்பில் ஓடுகின்றன.