மூன்று பின்னங்களும் ஓர் அட்டவணையும்

மழை நிகழ்தகவுகளைக் கணினியில் அட்டவணையாகக் கோக்கும்போது கணக்கு ஏன் பிசகுகிறது என்று பொத்துவில் மாணவர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறல், மழை வழமையிலும் குறைவு, வழமையளவு, வழமையிலும் கூடுதல் என மூன்று நிகழ்தகவுகளாக வருவதும், மூன்றும் சேர்ந்து 1 ஆகவேண்டும் என்பதும் அவர் அறிந்தவையே. வானத்தை நம்பிப் பெரும்போகம் விதைக்கும் நம் கரையோரத்தில் இவை சாதாரண எண்களல்ல.

ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் ரொபர்ட் ஜென்டில்மனும் 1990களில் ஆக்கிய ‘ஆர்’ கணினி மொழியில், ஒரு காவியின் (மதிப்புகளின் வரிசையின்) அருகே அதனிலும் குறுகிய காவியை வைத்தால், தஸ்பீஹ் மணிகளை உருட்டுகையில் கடைசி மணி தீர்ந்ததும் முதல் மணி மீண்டும் விரலுக்கு வருவதுபோல, குறுகியது தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்து நீண்டதை நிரப்பிவிடுகிறது. நீளங்கள் மிச்சமின்றி வகுபட்டால் அட்டவணை அமைக்கும் கட்டளை ஓர் எச்சரிக்கையும் சொல்வதில்லை. என்னை நெடுங்காலமாக வியக்கவைத்த விசித்திரமும் மாணவர் கேட்ட பிசகின் மூலமும் இதுவே.

உதாரணத்துக்கு, இடைப்பருவத்துக்கு 0.2, 0.3, 0.5 என்றும், வடகீழ்ப் பருவத்துக்கு 0.4, 0.4, 0.2 என்றும் கொள்வோம். ஆறையும் ஒரே நிரலில் இறக்கி, அருகே இரு பருவப் பெயர்களை மட்டும் கொடுத்தால், பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிமாறி விழுகின்றன, இடைப்பருவத்துக்கு 0.2, 0.5, 0.4 சேர்ந்து கூட்டுத்தொகை 1.1 ஆகிறது, வடகீழுக்கோ 0.9 தான். மழைவகைப் பெயர்கள் மூன்றும் அதே விதியால் சரியான இடத்திலேயே அமைவதால், பார்வைக்குச் சந்தேகம் எழ இடமேயில்லை.

ஒவ்வொரு பருவப் பெயரையும் மும்முறை அடுத்தடுத்து எழுதப் பணித்தால் பிசகு தீரும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு அவதானிப்புக்கும் ஒரு நிரை என்ற ஒழுங்கை 2014இல் விளக்கிய ஹட்லி விக்ஹாமின் வழிவந்த ‘டிபிள்’ அட்டவணையோ, ஒற்றை மதிப்பை மட்டுமே திரும்ப எழுதச் சம்மதித்து, மற்றவற்றைப் பிழையெனக் கூறி நின்றுவிடுகிறது. அந்தக் கண்டிப்பே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

வர்ணப் படம் வரைவதில் காட்டும் சிரத்தையைக் கூட்டிப் பார்ப்பதில் நம் மாணவர்கள் காட்டாதது எனக்கு உண்மையான வருத்தம். தம்பி, படம் வரையுமுன் பருவவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு வரிக் கட்டளைதான், 1 வராத பருவம் ஒன்றேனும் இருந்தால் அந்த அட்டவணையை எந்த விவசாயியின் கையிலும் கொடுக்காதீர்கள்.