தொடக்கக் கர்ப்பகால இயக்குநீர் மாற்றங்கள்

தொடக்கக் கர்ப்பகால இயக்குநீர் மாற்றங்கள் என்பவை கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பெண்ணின் உடலிலுள்ள இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) அளவில் ஏற்படும் மாற்றங்கள் ஆகும். எச்.சி.ஜி., புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

எச்.சி.ஜி.யின் பணி

கருமுட்டை கருப்பைச் சுவரில் பதிந்தபின், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரும் உயிரணுக்கள் எச்.சி.ஜி.யைச் சுரக்கின்றன. இது சூலகத்திலுள்ள கார்ப்பஸ் லூட்டியம் அழியாமல் காக்கிறது. கார்ப்பஸ் லூட்டியம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடுப்பதால் மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 7 முதல் 9 வாரங்களில் நஞ்சுக்கொடியே இப்பணியை ஏற்கிறது.

அளவு மாற்றம்

முதல் வாரங்களில் எச்.சி.ஜி. அளவு பொதுவாக 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை இருமடங்காகிறது. 8 முதல் 11 வாரங்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் குறைகிறது. குமட்டலும் வாந்தியும் பெரும்பாலும் இக்காலத்திலேயே மிகுந்திருக்கும்.

ஒரே வாரக் கர்ப்பத்திலுள்ள நலமான இரு பெண்களிடையே இவ்வளவு பல மடங்கு வேறுபடலாம். எனவே ஒருமுறை எடுத்த அளவை மட்டும் கொண்டு கர்ப்பத்தின் நிலையை முடிவு செய்ய இயலாது. 48 மணிநேர இடைவெளியில் எடுக்கப்படும் இரு இரத்தப் பரிசோதனைகளின் ஒப்பீடே பயன்தரும்.

* அளவு குறைதல் கருச்சிதைவைக் குறிக்கலாம்.
* மெதுவாக உயர்தல் கருச்சிதைவையோ, கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருப்பதையோ குறிக்கலாம்.
* மிகையான அளவு இரட்டைக் கருவிலும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் காணப்படும்.

கருப்பைக்கு வெளியே தங்கிய கருவிலும் சில வேளைகளில் அளவு இயல்பாக உயரக்கூடும். ஆகவே ஸ்கேன் பரிசோதனையும் தேவை.

கண்டறிதல்

எச்.சி.ஜி. ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு துணையலகுகளைக் கொண்டது. ஆல்ஃபா பகுதி எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். ஆகியவற்றுக்கும் பொதுவானது. எனவே பரிசோதனைகள் பீட்டா பகுதியையே இனங்காண்கின்றன. 1972இல் இம்முறை உருவாக்கப்பட்டது. அதற்கு முன், 1927இல் ஆஷ்ஹைம், சோண்டெக் ஆகிய இருவரும் சிறுநீரை எலிகளில் செலுத்திக் கர்ப்பத்தைக் கண்டறிந்தனர்.

தமிழ்நாட்டில்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராயக்கோட்டை உள்ளிட்ட தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பணியைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் மேற்கொள்கின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வழங்கப்படும் தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன் முதல் தவணைக்கு 12 வாரங்களுக்குள் பதிவு செய்வது நிபந்தனையாக இருந்தது.

பதிவுக்கு முன் செய்யப்படும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை எச்.சி.ஜி. உள்ளதா என்பதை மட்டுமே காட்டும்; அதன் அளவையோ கரு தங்கிய இடத்தையோ காட்டாது. எனவே அட்டையில் இரு கோடுகள் தெரிந்த பின்னர் அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, மயக்கம் ஆகியவை ஏற்பட்டால் உடனடி மருத்துவ உதவி தேவை. கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வளர்ந்து கருக்குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கு ஆபத்து நேரும்.