நசரேய விரதம்

நசரேய விரதம் என்பது பண்டைய இசுரயேல் மக்களிடையே ஒருவர் தம்மைக் கடவுளுக்கென்று பிரித்து ஒதுக்கிக்கொள்ள மேற்கொண்ட நோன்பு ஆகும். இதனை மேற்கொண்டவர் நசரேயர் எனப்பட்டார். சில தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'நாசீர்' என்றும் வழங்கும் இவ்வெபிரேயச் சொல்லுக்குப் 'பிரித்து வைக்கப்பட்டவர்' என்பது பொருள். நாசரேத்து ஊரினரான இயேசுவும் பழைய தமிழ் விவிலியத்தில் 'நசரேயன்' என அழைக்கப்படுவதால் குழப்பம் நேர்வதுண்டு. அவர் இவ்விரதம் பூண்டவர் அல்லர். திராட்சை இரசம் அருந்தியவராகவே நற்செய்தி நூல்கள் அவரைக் காட்டுகின்றன.

விதிகள்

எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் இதன் விதிகள் உள்ளன. ஆண், பெண் இருபாலரும் இவ்விரதத்தை ஏற்கலாம். திராட்சை இரசம் மட்டுமன்றித் திராட்சையின் விதை, தோல் கூட விலக்கு. தலைமுடியை மழிக்கலாகாது. பெற்றோர் இறந்தாலும் பிணத்தை அணுகலாகாது. இக்கடைசி விதி தலைமைக் குருவுக்கும் உரியது (லேவியராகமம் 21:11). சாதாரணக் குருக்கள் நெருங்கிய உறவினரின் இறப்பில் பங்கேற்கலாம். குருகுலத்தில் பிறவாத எளியவர் ஒருவர் தலைமைக் குருவுக்குரிய தூய்மையைத் தாமே விரும்பி ஏற்க இவ்விரதம் வழி செய்தது எனலாம். எனினும் நசரேயர் ஊரை விட்டு விலகி வாழ வேண்டியதில்லை.

காலவரை குறிப்பிடப்படாத விரதம் 30 நாட்கள் என்பது மிசுனா நூலின் முடிவு. இடையில் அருகில் ஒருவர் திடீரென இறந்தால் கழிந்த நாட்கள் கணக்கில் சேரா. முடியை மழித்து, பலி செலுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரதம் முடிந்ததும் முடியை மழித்துச் சமாதான பலியின் கீழுள்ள நெருப்பில் இடுவர். பலிகளுக்குச் செலவு அதிகம். எருசலேமில் நால்வருக்காகப் பவுல் அச்செலவை ஏற்றதை அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் கூறுகிறது.

சிம்சோன் பிறப்பு முதலே நசரேயர். ஆயினும் அவரது வாழ்வு இவ்விதிகளுடன் முழுதும் பொருந்தாததால், மிசுனா அவரைத் தனி வகையாகக் கொள்கிறது.

பாவநிவாரண பலி பற்றிய சர்ச்சை

விரதத்தைக் குறைவின்றி முடித்தவரும் பாவநிவாரண பலி செலுத்த வேண்டும். புனிதமாக வாழ்ந்தவர் செய்த பாவம் யாது? கடவுள் அனுமதித்த இன்பத்தைத் தமக்கு மறுத்ததே பாவம் என்றார் எலெயாசர் ஆக்கப்பார் என்னும் யூத அறிஞர். வேறு சிலர், திருநூலே நசரேயரைப் 'பரிசுத்தர்' என்று அழைப்பதைச் சுட்டி இதனை மறுத்தனர். தலைமைக் குருவான நீதிமான் சீமோன், தீட்டுப்பட்ட நசரேயரின் பலியை ஒரே ஒரு முறைதான் உண்டாராம். நீரில் தன் அழகிய கூந்தலைக் கண்டு செருக்கு எழுந்ததும், அதை மழித்துக் கடவுளுக்கு அளிப்பதாகப் பொருத்தனை செய்த இடையன் ஒருவனின் பலி அது. ஏனையோர் கோபத்தில் நேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துவர் என அவர் ஐயுற்றதாகத் தால்மூத் விளக்குகிறது. மூன்று கருத்துகளுள் இதுவே மனித இயல்பை நன்கு அறிந்ததாகத் தோன்றுகிறது.

பிற்காலம்

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் பலி செலுத்தி விரதத்தை முடிக்க இடமில்லாமற் போனது, வழக்கமும் அருகியது. 20ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த ராபி தாவீது கோகன் (1887–1972) திராட்சை இரசத்தை விலக்கி, முடி மழிக்காமல் வாழ்ந்தார். அவர் 'நாசீர்' என்ற பெயராலேயே அறியப்படுகிறார்.