எலும்புக்கும் ஒரு பேங்க் பாஸ்புக்!

போன மாதம் ஆபீஸ் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். இரண்டே படிதான். இடது மணிக்கட்டில் 'மளுக்'!

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், ''கடைசியா எப்ப சார் வெயில்ல நின்னீங்க?'' என்றார்.

யோசித்தேன். பதில் வரவில்லை.

எலும்பு என்றால் ஏதோ சுண்ணாம்புக் கட்டி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். உயிருள்ள சமாசாரம்! உள்ளே ஒரு செல் கோஷ்டி பழைய எலும்பை இடித்துக்கொண்டே போக, இன்னொரு கோஷ்டி பின்னாலேயே புதுசாகப் பூசிக்கொண்டு வருகிறது. (எங்கள் தெருவுக்கு முதல் கோஷ்டி மட்டும்தான் வரும்!) வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுசாகிறது.

''முப்பது வயசு வரைக்கும் டெபாசிட். அப்புறம் மெள்ள மெள்ள வித்டிராயல்தான்'' என்றார் டாக்டர். எனக்கு 28. பகீரென்றது.

வேலை கொடுத்தால்தான் எலும்பு உரமேறும். டென்னிஸ் வீரருக்கு மட்டை பிடிக்கிற கை எலும்பு மற்றதைவிடத் தடிமன். எடையே தெரியாத விண்வெளியிலோ, மாதத்துக்குச் சுமார் 1 சதவிகிதம் இடுப்பெலும்பு கரைகிறது. எட்டு மணி நேரம் நாற்காலியில் மிதக்கிற நானும் கிட்டத்தட்ட விண்வெளி வீரன்தான். சம்பளம்தான் வேறே!

பாலிலும் கேழ்வரகிலும் கால்சியம் இருக்கிறது. அதை உடம்பு உறிஞ்ச வைட்டமின் 'டி' வேண்டும். தோல் அதை வெயிலில்தான் தயாரிக்கிறது. ஜன்னலோர சீட் உதவாது. தேவையான கதிரைக் கண்ணாடி மறித்துவிடும்.

மறுநாள் லன்ச் நேரம். மாவுக்கட்டோடு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே முழுக்கையை மடித்துவிட்டபடி எங்கள் மேனேஜர்!

''உனக்கும் அதே டாக்டரா?'' என்றார்.