சோதனைக்குக் காரணம் கூறும் குறியீடு

அமெரிக்காவில் சிறுநீரில் போதைப்பொருள் உள்ளதா எனக் கண்டறியும் சோதனைக்குப் பில் அனுப்பும் ஆய்வகம் இரு வகைக் குறியீடுகளைக் குறிப்பிட வேண்டும். செய்த சோதனையைச் செயல்முறைக் குறியீடும், அது தேவைப்பட்ட காரணத்தை நோயறிதல் குறியீடும் தெரிவிக்கின்றன. 2015 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறையிலுள்ள ஐசிடி-10-சிஎம் தொகுப்பிலிருந்து எடுக்கப்படும் இந்த இரண்டாவது குறியீட்டில் மருத்துவத் தேவை புலப்படாவிட்டால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தர மறுத்துவிடும்.

நாள்பட்ட வலிக்காக மருத்துவர் எழுதித் தந்த ஓபியாய்டுகளை, அதாவது அபின் வகை வலிநிவாரணிகளை, நீண்டகாலமாக உட்கொள்பவருக்கு இசட்79.891 பொருந்தும்; அவற்றுக்கு அடிமையானவர் என மருத்துவர் உறுதிசெய்தவருக்கு, வேறு சிக்கல்கள் இல்லாதபோது, எஃப்11.20 பொருந்தும். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் பெறுபவரோ இசட்79.891 குறியீட்டின்கீழ் வராமல் எஃப்11.2 பிரிவிலேயே அடங்குவார் என்று தொகுப்பின் விலக்குக் குறிப்பே கூறுகிறது. இந்த வேறுபாட்டை வெறும் எழுத்தர் வேலையாகக் கருதுவது பெருந்தவறு. ஏனெனில், மருந்தை முறையாக உண்ணும் வலி நோயாளியின் பதிவில் 'அடிமை' என்ற முத்திரை விழுந்துவிட்டால், அது அவர் பின்னர் நாடும் மருத்துவர்களிடமும் அவரைத் தொடரக்கூடும்.

புறநோயாளியைப் பற்றி 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று மருத்துவர் எழுதியதை உறுதியான நோயாகக் குறியிடக் கூடாது. மனக்குழப்பம், அரைமயக்கம் போன்று நேரில் கண்ட அறிகுறிகளையே குறியிட வேண்டும். வேலையில் சேர்வதற்கான சோதனை சிகிச்சையைச் சார்ந்ததன்று என்பதால் மெடிகேர் அதை ஏற்பதில்லை. மருத்துவரின் பதிவில் இல்லாத நோயைப் பணம் கிடைக்கும் என்பதற்காகச் சேர்ப்பது மோசடியாகும். பதிவு தெளிவற்றிருந்தால், பில் தயாரிப்பவர் தாமே ஊகிக்காமல் மருத்துவரிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற வேண்டும்.